இடது கை இன்னும் கிளட்ச்சைத் தேடுகிறது



முழங்கையில் கட்டுப் போட்ட என் படத்தை மகள் குடும்பக் குழுவில் போட்டாலும் போட்டாள், போன் ஓயவில்லை. "சார், என்ன ஆச்சு?" "சித்தப்பா, இந்த வயசுல உங்களுக்கு வண்டி தேவையா?" தனித்தனியாகப் பதில் சொல்லி மாளவில்லை. அதனால் இங்கேயே எழுதிவிடுகிறேன். புது எலெக்ட்ரிக் ஸ்கூட்டரிலிருந்து விழுந்தேன். சிராய்ப்புதான், ஆறிவிட்டது. தலையில் ஹெல்மெட் இருந்தது. ஆனால் விழுந்த கதையில் எனக்கு ஒரு பாடம் இருக்கிறது. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் பழைய சேத்தக்கை உங்களில் பலருக்குத் தெரியும். 1989-ல் பதிவு செய்து, காத்திருந்து வாங்கியது. தெருமுனையில் அதன் சத்தம் கேட்டாலே மரத்தடியில் விளையாடிக்கொண்டிருந்தவர்கள் வகுப்புக்குள் ஓடிவிடுவீர்கள். பெட்ரோலோடு ஆயில் கலந்து ஊற்ற வேண்டும். மழைக்காலத்தில் கிளம்ப மறுத்தால் ஒரு பக்கமாகச் சாய்த்துப் பிடித்துவிட்டு உதைக்க வேண்டும். 36 வருடம் உதைத்தேன். இப்போது வலது முழங்கால் தேய்ந்துவிட்டது, உதைக்க முடியவில்லை. உதிரி பாகமும் லேசில் கிடைப்பதில்லை. போன மாதம் மகள் பச்சை நம்பர் பிளேட்டோடு புது வண்டியைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினாள்.

"எதுக்கும் நாலு நாள் பழகிட்டு ரோட்டுக்குப் போங்கப்பா" என்றாள்.

"36 வருஷமா ஓட்டுறவனுக்கு இதுல பழக என்னம்மா இருக்கு? கியர்கூட இல்ல" என்றேன்.

மறுநாள் விடியற்காலை மன்னார்குடி ஹரித்ராநதிக்கு ஓட்டிக்கொண்டு போனேன். தெப்பக்குளம் 23 ஏக்கர். நான்கு கரையும் சுற்றி வந்தால் நல்ல தூரம், அந்த நேரத்தில் கூட்டமும் இருக்காது. வடகரையும் கீழ்கரையும் சுகமாகப் போனது. தென்கரையில் எனக்கு முன்னால் போன பால்காரர் சைக்கிளை மெதுவாக்கினார். நானும் மெதுவாக்க நினைத்தேன். அவ்வளவுதான், அடுத்த நொடி தரையில் கிடந்தேன்.

சேத்தக்கில் இடது கைப்பிடியில் இருப்பது கிளட்ச். வேகம் குறைக்க வேண்டுமென்றால் இடது கை அதைச் சட்டென்று முழுசாக அழுத்தும், அதே கை கியரைத் திருப்பும், வலது கால் பிரேக்கை மிதிக்கும். யோசித்துச் செய்வதில்லை. புது வண்டியில் அதே இடத்தில் இருப்பது பிரேக். அதுவும் இரண்டு சக்கரத்தையும் சேர்த்துப் பிடிக்கிற பிரேக். கிளட்ச் என்று நினைத்து என் கை அதை ஒரே பிடியாகப் பிடித்தது. வலது கால் இல்லாத மிதியைத் தேடியது. வண்டி நின்றுவிட்டது, நான் நிற்கவில்லை.

பால்காரர்தான் தூக்கிவிட்டார். அவரிடம் என்னவோ வண்டி மேல் குறை சொல்லிக்கொண்டே வீட்டுக்கு வந்தேன். வண்டியில் ஒரு குறையும் இல்லை.

பக்கத்துத் தெருவில் என்னிடம் மூன்றாம் வகுப்பு படித்த ஒருவர் இருக்கிறார். இப்போது எலெக்ட்ரிக் ஆட்டோ ஓட்டுகிறார். செய்தி கேட்டு வந்தார். "சார், நாளைக்கு நானும் வர்றேன்" என்றார். அன்றிலிருந்து பத்து நாள் என்னோடு குளத்தங்கரைக்கு வந்தார். தன் சவாரியை விட்டுவிட்டு வந்தார் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

என் வயதில் கியர் வண்டியிலிருந்து இதற்கு மாறுகிறவர்களுக்கு உதவும் என்று, அவரிடம் கற்றதைச் சொல்கிறேன்.

ஒன்று, கிளம்புவது. சேத்தக்கில் ஆக்ஸிலேட்டரை முறுக்கினால் முதலில் சத்தம் வரும், கிளட்ச்சை விட்ட பிறகுதான் வண்டி நகரும். இதில் முறுக்கிய கணமே இழுக்கும். நூல் அளவுதான் திருப்ப வேண்டும். அரை கிளட்ச் பிடித்து ஊர்வது என்ற வித்தையே இங்கே கிடையாது. அந்த வேலையையும் வலது மணிக்கட்டுதான் செய்ய வேண்டும்.

இரண்டு, நிறுத்துவது. ஆக்ஸிலேட்டரை விட்டாலே யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுப்பதுபோல் வண்டி மெதுவாகிறது. அப்போது மோட்டார் தலைகீழாக வேலை செய்து பேட்டரிக்குக் கொஞ்சம் மின்சாரத்தைத் திருப்பி அனுப்புகிறதாம். ஆகவே முதலில் வலது கையை விட்டு அந்த இழுப்புக்கு இடம் கொடுத்து, மிச்சத்துக்கு மட்டும் பிரேக். ஆனால் இரவு முழுக்க சார்ஜ் போட்டுக் காலையில் எடுத்தால் அந்த இழுப்பு குறைவாக இருக்கும். நிறைந்த குடத்தில் மேலும் எப்படி ஊற்றுவது? முதல் இரண்டு கிலோமீட்டர் பிரேக்கை நம்பித்தான் ஓட்ட வேண்டும்.

மூன்று, உடம்பு. சேத்தக்கின் இன்ஜின் வலது பக்கம். அதைச் சமன்செய்ய இத்தனை வருடம் நான் இடது பக்கம் லேசாகச் சாய்ந்தே உட்கார்ந்திருக்கிறேன், எனக்கே தெரியாமல். என் புது வண்டிக்குக் கனம் காலடியில், நடுவில். "சார், ஏன் ஒருசாய்ச்சலா உக்காந்திருக்கீங்க?" என்று அவர் கேட்டபோதுதான் தெரிந்தது.

நான்கு, சத்தம். நாம் வருவது யாருக்கும் கேட்காது. காய்கறிக் கடை வாசலில் ஒரு பாட்டி திரும்பிப் பார்க்காமலே என் முன்னால் இறங்கிவிட்டார். நல்லவேளை, ஊர்ந்துகொண்டிருந்தேன். கூட்டத்தில் லேசாக ஹாரன் தொட்டுக்கொண்டே போக வேண்டும். வண்டியை நிறுத்தியதும் சாவியை முதலில் திருப்பிவிடுங்கள். சத்தமில்லாததால் அணைத்துவிட்டோம் என்று நினைத்துக் கைப்பிடியைப் பிடித்துத் தள்ளினால் அது பாய்ந்துவிடும்.

இவை எல்லாம் நான்கைந்து நாளில் வந்துவிட்டன. வராதது இடது கை ஒன்றுதான். "அழுத்தாதே, அழுத்தாதே" என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே ஓட்டினேன். நாய் குறுக்கே வந்தால் போதும், அழுத்திவிடும். ஏழாம் நாள் எனக்கே என் மேல் கோபம் வந்து, "மரமண்டைக்கு ஏறமாட்டேங்குது" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. "சார், செய்யாதேன்னு சொன்னா கை கேக்காது. அதுக்கு வேற வேலை கொடுங்க. ரெண்டு விரலை மட்டும் லீவர் மேல வைங்க. ஒவ்வொரு தடவை நிக்கும்போதும் ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு எண்ணிக்கிட்டே மெதுவா அழுத்துங்க. அதுக்கும் பழகிடும்" என்றார். பத்தாம் நாள் கை பாதி கேட்க ஆரம்பித்தது.

அன்று வீட்டுக்கு வந்து திண்ணையில் உட்கார்ந்திருந்தபோதுதான் அவன் ஞாபகம் வந்தது. இந்தப் பதிவை எழுதுவதே அதற்காகத்தான்.

1986. மூன்றாம் வகுப்பு. நான் வேலைக்குச் சேர்ந்து நான்கு வருடம். அந்தப் பையன் சிலேட்டுக் குச்சியை இடது கையில் பிடிப்பான். எழுத்து மணிமணியாக இருக்கும். நான் அதைப் பார்க்கவில்லை, கையைத்தான் பார்த்தேன். "பீச்சாங்கையால சரஸ்வதியை எழுதுறியா?" என்று கேட்டேன். வகுப்பே சிரித்தது. ஸ்கேலால் விரல் முட்டியில் தட்டுவேன். அவன் கை தானாக மாறும், மறுபடி தட்டுவேன். ஒருநாள் அவனே இடது கையைத் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்துகொண்டு வலது கையால் எழுதினான். நான் ஜெயித்துவிட்டதாக நினைத்தேன். அதன் பிறகு அவன் எழுத்து கோணிக்கொண்டு போனது, பரீட்சையில் பாதிதான் எழுதி முடிப்பான். அவன் நோட்டில் "கையெழுத்தில் கவனம் தேவை" என்று சிவப்பு மையில் எழுதியதும் நான்தான்.

ஆசிரியர் பயிற்சியில் குழந்தை உளவியல் படித்துத் தேர்வெழுதி நல்ல மதிப்பெண் வாங்கியவன் நான். 66 வயதில், யாரும் அடிக்காமல், யாரும் சிரிக்காமல், பக்கத்தில் ஒருவர் பொறுமையாகக் கூட வந்தும், பழகிய என் கையை மாற்றப் பத்து நாள் போதவில்லை. எட்டு வயதுப் பிள்ளை, பிறவியிலேயே வந்த கையை, அடிக்குப் பயந்து மாற்றியிருக்கிறான். மாற்ற வேண்டிய தேவையும் இல்லை. எனக்காவது பிரேக் இடம் மாறியிருந்தது. அவனுக்கு எதுவும் தப்பாக இல்லை.

அப்போது எல்லாரும் அப்படித்தான் செய்தார்கள், அவன் அப்பாவும் கேட்டுக்கொண்டார் என்று சொல்லலாம். இத்தனை நாள் எனக்கு நானே அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆனால் ஸ்கேல் என் கையில்தான் இருந்தது.

அவனுக்கு இப்போது 47 வயது இருக்கும். பெயரை எழுதவில்லை. அவன் கண்ணில் இது பட்டால் தன்னைத்தான் சொல்கிறேன் என்று தெரிந்துகொள்வான். தம்பி, நான் செய்தது தவறு. மன்னித்துவிடு. உனக்கு மனசிருந்தால் பேசு. இல்லையென்றாலும் நியாயம்தான்.

என் மாணவர்களில் பதினோரு பேர் இன்று ஆசிரியர்கள். அவர்களுக்கு ஒன்று சொல்வேன். ஒரு பிள்ளைக்கு ஒரு விஷயம் வரவில்லை என்று கோபம் வந்தால், அன்று சாயங்காலம் நீங்கள் உங்களுக்குத் தெரியாத ஏதாவது ஒன்றைக் கற்றுக்கொள்ளப் போங்கள். நீச்சலோ, தையலோ, எதுவானாலும் சரி.

ஐந்து வாரம் ஆகிறது. இப்போது பாமணி ஆற்றுப் பாலம் தாண்டித் தனியாகவே போய் வருகிறேன். இடது கை பெரும்பாலும் சொன்னபடி கேட்கிறது. அவசரத்தில் மட்டும் இன்னும் கிளட்ச்சைத் தேடுகிறது. ஒண்ணு, ரெண்டு, மூணு என்று எண்ணிக்கொள்கிறேன்.

ஊருக்கு வந்தால் வீட்டுக்கு வாருங்கள். நான் வருவது இனி சத்தம் கேட்டுத் தெரியாது, வாசலைப் பார்த்து உட்காருங்கள்.

அன்புடன்,
உங்கள் சார்