மேல் கண்மாயும் கீழ்க் கண்மாயும்

மல்லாங்கிணற்றைச் சுற்றிலும் கரிசல் பூமி. வானம் பார்த்த வேளாண்மை. பருத்தியும் மல்லியும் மிளகாயும் வீடு நிறைய வந்த ஆண்டும் உண்டு. விதைத்த விதையே கைக்குத் திரும்பாத ஆண்டும் உண்டு. நாளைக்கென்று எடுத்து வைக்க வேண்டும் என்பதை இந்த மண்ணில் பிறந்தவர்களுக்கு எவரும் கற்றுத்தர வேண்டியதில்லை. ஆயினும் நோய்க்கென்று எடுத்து வைக்க மட்டும் நாங்கள் அறுபது வயதைக் கடந்தும் கற்றிருக்கவில்லை. "ஆண்டவர் பார்த்துக் கொள்வார்" என்று சொல்லி வந்தோம். அது விசுவாசம் என்றே எண்ணியிருந்தோம். சோம்பலும் அதில் கலந்திருந்ததைப் பின்னரே அறிந்தோம்.

2024ஆம் ஆண்டு ஆவணி மாதத்தில் ஓர் இரவு எங்கள் அண்ணனுக்கு நெஞ்சுவலி கண்டது. வாடகைக் கார் விரைந்து கொண்டிருந்தபோது எங்கள் நாவில் செபமாலை இருந்தது. எங்கே போவது என்ற தெளிவு மட்டும் இல்லை. விருதுநகரில் 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டிருப்பதை அந்தப் பதற்றத்தில் எவரும் எண்ணிப் பார்க்கவில்லை. தெரிந்தவர் ஒருவர் தொலைபேசியில் சொன்னபடி, மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்தோம். அண்ணன் பிழைத்தார், இறைவனுக்கு நன்றி. பதினோராம் நாள் கையில் தரப்பட்ட பில் ஐந்தேகால் லட்சம். அரசின் காப்பீட்டு அட்டை மதினியின் டிரங்குப் பெட்டியில் பத்திரமாகத்தான் இருந்தது. அந்த அட்டையை ஏற்கும் மருத்துவமனைகளின் பட்டியலில் அது இல்லை.

மூன்று தலைமுறையாக உழுத நிலத்தில் இரண்டு குறுக்கம் கைமாறியது. வீடு திரும்பிய அண்ணன் கட்டிலில் படுத்தபடியே, "நெலத்தை வித்துட்டீகளா?" என்று கேட்டார். எவரும் விடை சொல்லவில்லை. அன்று இரவு நாங்கள் இருவரும் உறங்கவில்லை. "நமக்கு இப்படி வந்தால் விற்பதற்கு நிலமும் இல்லையே" என்ற எண்ணமே எங்களை வாட்டியது.

எங்களுக்குக் காப்பீடு அறவே இல்லை என்பதில்லை. அரசு உதவி பெறும் பள்ளியில் பணியாற்றி ஓய்வு பெற்றதால், மாநில அரசின் ஓய்வூதியர் மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் நாங்கள் சேர்க்கப்பட்டிருந்தோம். மாதந்தோறும் 497 ரூபாய் பிடித்தம் செய்யப்படுவதைப் பார்த்திருக்கிறோமே தவிர, எதற்காகப் பிடிக்கிறார்கள் என்று அரசாணையை ஒரு நாளும் படித்ததில்லை. இப்போது மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு படித்தோம். 2022 ஜூலை 1 முதல் 2026 ஜூன் 30 வரையிலான நான்காண்டுக் காலத்துக்குக் குடும்பத்துக்கு 5 லட்சம் ரூபாய்; குறிப்பிட்ட சில கொடிய நோய்களுக்கு 10 லட்சம் வரை. நாங்கள் அதை ஆண்டுக்கு 5 லட்சம் என்று நினைத்திருந்தோம். நான்காண்டுக்கும் சேர்த்தே 5 லட்சம் என்பது அன்றுதான் தெரிந்தது. அண்ணனுக்கு வந்ததுபோல் ஒரே ஒரு பில் வந்தால், மிச்ச ஆண்டுகளுக்குச் சட்டி காலி.

ஆகவே கூடுதலாக ஒரு பாலிசி எடுப்பதென்று தீர்மானித்தோம். அருப்புக்கோட்டையிலிருந்து முகவர் ஒருவர் வந்தார்; நல்ல பேச்சாளி. அவர் எடுத்துச் சொன்ன பெரிய பாலிசியின் முதலாண்டு பிரீமியம் எங்கள் ஒன்றரை மாத ஓய்வூதியத்தை விழுங்கக்கூடியதாக இருந்தது. பயம் முன்னே நின்று இழுத்ததால் அதற்கும் இணங்கியிருப்போம். ஆனால் எங்களில் ஒருவருக்குப் பன்னிரண்டு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் உண்டு என்று சொன்னதும் அவர் பேனாவை நிறுத்தினார். "ஐயா, அதை எழுத வேண்டாம். எழுதினால் தொகை ஏறும்; மறுத்தாலும் மறுத்துவிடுவார்கள். எல்லாரும் இப்படித்தான் செய்கிறார்கள்" என்றார்.

எங்கள் வீட்டுச் சுவரில் திரு இருதய ஆண்டவர் படம் இருக்கிறது. அதன் கீழே அமர்ந்துதான் படிவத்தை நிரப்பிக் கொண்டிருந்தோம். மனம் சலனப்படவில்லை என்று சொன்னால் அதுவும் பொய்யாகும். சில ஆயிரம் ரூபாய் மிச்சம். ஒரே ஒரு கட்டத்தை வெறுமையாக விடுவது பெரிய பாவமா என்று ஒரு கணம் தோன்றத்தான் செய்தது. பிறகு எங்களில் நோயுள்ளவர், "வேண்டாம் தம்பி. நாளைக்கு ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டு, உண்மை வெளிவந்துவிடுமோ என்று நான் பயந்து கிடக்க வேண்டாம்" என்றார். முகவர் படிவத்தை மடித்துக்கொண்டு எழுந்தார்.

மனச்சான்று காட்டிய வழியே அறிவும் காட்டும் வழி என்பது பின்னர் விளங்கிற்று. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் 2024ஆம் ஆண்டு விதிகளின்படி, பாலிசி எடுப்பதற்கு முன்பே இருந்த நோய்களுக்கான காத்திருப்புக் காலம் மூன்று ஆண்டுகளுக்கு மேற்படலாகாது. ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து பிரீமியம் செலுத்திய பாலிசியில், நோயை மறைத்தாய் என்று சொல்லி நிறுவனம் பணம் மறுக்க இயலாது. மோசடி என்று மெய்ப்பிக்கப்பட்டாலோ அந்தப் பாதுகாப்பு இல்லை. மேலும், 65 வயது வரையுள்ளவர்களுக்குப் புதிதாகப் பாலிசி தந்தால் போதும் என்று நிறுவனங்களுக்கு இருந்த வரம்பும் 2024 ஏப்ரலில் நீங்கிற்று. ஆக, உண்மையைச் சொல்லி மூன்று ஆண்டு பொறுத்திருப்பவர்க்கு வழி உண்டு. மறைத்தவர்க்கோ, பணம் கட்டியும் கரை இல்லை.

எங்களிடம் படித்த மாணவர் ஒருவர் காப்பீட்டுத் துறையில் பணியாற்றுகிறார். ஞாயிறு திருப்பலி முடிந்து கோவில் முற்றத்து வேப்பமர நிழலில் அவரிடம் எங்கள் கவலையைச் சொன்னோம். "சார், உங்களுக்கு அடியிலிருந்து முழுப் பாலிசி தேவையில்லை. மேல் கண்மாய் உங்களுக்கு ஏற்கெனவே இருக்கிறது. கீழ்க் கண்மாய் ஒன்று வெட்டினால் போதும்" என்றார்.

நம் பக்கத்தில் இதைச் சிறு பிள்ளையும் அறியும். மேல் கண்மாய் நிறைந்தால் கலுங்கு வழியாக மறுகால் பாயும். அந்த நீர் கீழ்க் கண்மாய்க்குப் போய்ச் சேரும். மருத்துவச் செலவையே வெள்ளமாகக் கொள்ளுங்கள். அதில் முதல் மூன்று லட்சமோ ஐந்து லட்சமோ வேறொரு காப்பீட்டிலோ நம் கையிலோ அடங்கிவிடும். அதற்கு மேல் வழிவதை மட்டும் ஏற்கும் பாலிசிக்கு 'டாப்-அப்' என்று பெயர். வழியும் வெள்ளத்தை மட்டும் தாங்குவதால் பிரீமியமும் குறைவு. அதிலும் இரண்டு வகை உண்டு. சாதாரண டாப்-அப், ஒவ்வொரு முறை மருத்துவமனையில் சேரும்போதும் தனித்தனியே கணக்குப் பார்க்கும். 'சூப்பர் டாப்-அப்' ஓராண்டின் பில்கள் அனைத்தையும் கூட்டிப் பார்க்கும். முதியவர்களுக்கு நோய் ஒரே முறை வந்து போவதில்லை. ஆண்டுக்கு இரண்டு முறை இரண்டிரண்டு லட்சமாக வருவதே வழக்கம். எனவே இரண்டாம் வகையே பொருத்தம் என்று கண்டோம்.

கரையின் உயரத்தை எங்கே வைப்பது என்பதில்தான் அதிக நாள் யோசித்தோம். அரசுத் திட்டம் 5 லட்சம் என்பதால் அதே தொகைக்கு மேல் டாப்-அப் எடுப்பதே முறை என்று தோன்றும். ஆனால் எங்கள் மேல் கண்மாய் நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை தூர் வாரப்படுவது. நடுவில் செலவிட்ட தொகை தூராகவே படிந்து கிடக்கும். டாப்-அப்பிலோ நாம் தாங்க வேண்டிய முதல் தொகை ஆண்டுதோறும் புதிதாகத் தொடங்கும். எனவே கரையைத் தாழ்த்தி 3 லட்சத்தில் வைத்தோம். அந்த முதல் தொகையை அரசுத் திட்டமோ வேறு எவரோ செலுத்தினாலும் கணக்கில் கொள்வார்களா என்பதைப் பாலிசி வாசகத்திலேயே படித்து உறுதி செய்துகொண்டோம்.

இன்னும் மூன்றைப் பார்த்தோம். முதலாவது, மருத்துவமனைப் பட்டியல். பிரீமியம் எவ்வளவு குறைவாயினும், விருதுநகரிலோ மதுரையிலோ பணம் கட்டாமல் சேரக்கூடிய மருத்துவமனை அதில் இல்லாவிடில் நமக்குப் பயனில்லை. இரண்டாவது, அறை வாடகை வரம்பு. நாளொன்றுக்கு 5,000 ரூபாய் வரம்புள்ள பாலிசியை வைத்துக்கொண்டு 10,000 ரூபாய் அறையில் படுத்தால், அறை வாடகை மட்டுமன்று, மருத்துவர் கட்டணம் முதலியவையும் அதே விகிதத்தில் வெட்டப்படும். மூன்றாவது, பில்லில் ஒரு பங்கை நாமே ஏற்க வேண்டும் என்ற நிபந்தனை. 2020 ஏப்ரல் முதல் எல்லா நிறுவனங்களும் ஒரே வாசகத்தில் தரும் 'ஆரோக்கிய சஞ்சீவனி'யில் அந்தப் பங்கு நூற்றுக்கு 5. வேறு எந்தக் காப்பீடும் இல்லாதவர்களுக்கு அது எளிய தொடக்கம்.

தனிநபர் மருத்துவக் காப்பீட்டின் மீதிருந்த 18 விழுக்காடு சரக்கு-சேவை வரி 2025 செப்டம்பர் 22 முதல் நீக்கப்பட்டது. அடுத்த மாதமே விண்ணப்பித்தோம். சர்க்கரை நோயை எழுதினோம். எத்தனை ஆண்டு, என்ன மாத்திரை என்பதையும் எழுதினோம். பரிசோதனைக்கு அழைத்தார்கள். சற்றுக் கூடுதல் பிரீமியத்துடனும் மூன்றாண்டுக் காத்திருப்புடனும் ஏற்றுக்கொண்டார்கள். ஆண்டுத் தொகை எங்கள் ஒரு மாத ஓய்வூதியத்தில் ஏறத்தாழப் பாதி. அந்த மூன்று ஆண்டுகளுக்குத் துணையாக அஞ்சலகத்தில் மாதச் சேமிப்பு ஒன்றும் தொடங்கினோம். சர்க்கரை மாத்திரைகளைக் காப்பீடு தராது; 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' வழியாக அவை வீடு தேடி வருகின்றன.

எங்கள் காரியம் முடிந்தது என்று இருந்துவிட்டோமா? அதற்கு அண்ணனின் டிரங்குப் பெட்டி இடந்தரவில்லை. எங்கள் அன்பியக் கூட்டத்தில் ஒரு மாலை இதைப் பேசினோம். பதினெட்டுக் குடும்பங்களில் ஏழு குடும்பத்தாரிடம் அட்டையே இல்லை. 2012 ஜனவரி 11 அன்று தொடங்கப்பெற்ற முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில், ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு மேற்படாத குடும்பம் சேரலாம். மத்திய அரசின் திட்டத்தோடு 2018இல் இணைக்கப்பட்டபின், ஆண்டுக்கு 5 லட்சம் வரை அதில் கிடைக்கும். கிராம நிர்வாக அலுவலரிடம் வருமானச் சான்றும், குடும்ப அட்டையும், ஆதாரும் கொண்டு ஆட்சியர் அலுவலகத்திலுள்ள காப்பீட்டுத் திட்ட மையத்துக்குச் செல்ல வேண்டும். 70 வயது நிறைந்தோருக்கு வருமான வரம்பின்றி மத்திய அரசு 2024 அக்டோபர் 29 அன்று தொடங்கிய திட்டத்தைப் பற்றியும் அங்கேயே கேட்டறியலாம். அருப்புக்கோட்டைப் பக்கத்து மில்களில் உழைத்து ஓய்வு பெற்றவர்களுக்கும் ஒரு செய்தி உண்டு. ஐந்து ஆண்டுகளேனும் ஈ.எஸ்.ஐ.யில் இருந்து ஓய்வு வயதில் விலகியவர், ஆண்டுக்கு 120 ரூபாய் செலுத்தினால் தமக்கும் துணைவர்க்கும் ஈ.எஸ்.ஐ. மருத்துவ வசதியைத் தொடர்ந்து பெறலாம்.

ஏழு குடும்பத்தாரையும் இரண்டு நடையாக விருதுநகருக்கு அழைத்துச் சென்றோம். ஐந்து குடும்பங்களுக்கு அட்டை கிடைத்துவிட்டது. இரண்டுக்குச் சான்றிதழ் வர வேண்டும். அட்டையை ஏற்கும் மருத்துவமனைகளின் பெயர்களைத் தாளில் எழுதி, ஒவ்வொரு வீட்டிலும் கதவுக்குப் பின்னால் ஒட்டச் செய்தோம். இரவில் நெஞ்சு வலித்தால் பெட்டியைத் திறந்து தேட நேரம் இராது அல்லவா?

நல்ல சமாரியர் உவமையை எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம். காயத்துக்கு எண்ணெய் வார்த்ததையும் விலங்கின் மீது ஏற்றிச் சென்றதையுமே இதுவரை எண்ணி வியந்தோம். இப்போது அதன் முடிவு எங்கள் மனத்தைத் தொடுகிறது. அவர் சாவடிக்காரரிடம் இரண்டு தெனாரியம் கொடுத்தார். அதற்கு மேல் செலவானால் திரும்பி வரும்போது தருவதாகவும் சொல்லிச் சென்றார். மேற்செலவையும் முன்னரே எண்ணிப் பார்ப்பது அன்பின் ஒரு பகுதி என்று அவர் அறிந்திருந்தார்.

அண்ணனின் நிலம் திரும்பி வரவில்லை. வேறொருவர் உழும் அந்தக் கரிசலை அவர் மாலை வேளைகளில் வரப்போரம் நின்று பார்த்து வருகிறார். அவரைக் காணும்போதெல்லாம், அன்பார்ந்த வாசகர்களே, உங்களிடம் நாங்கள் கேட்டுக்கொள்ளத் தோன்றுவது இதுவே: இன்று இரவு குடும்ப செபம் முடிந்ததும் உங்கள் பெட்டியைத் திறந்து அட்டையையும் பாலிசியையும் எடுத்துப் படியுங்கள். பிறகு அடுத்த வீட்டு முதியவரிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள்.