பாதிப் படம்

பாரத யுத்தம் பதினெட்டே நாளில் முடிந்துவிட்டது. எங்கள் வீட்டில் 1964-ம் வருஷம் பொங்கலன்று மூண்ட யுத்தமோ வருஷம் முழுவதும் நடந்தது. அதில் வில் இல்லை, அம்பு இல்லை, வெறும் வாய்தான். ஆனால் எங்கள் சித்தப்பாவின் வாயும் மாமாவின் வாயும் இருக்கும்போது அம்பு எதற்கு?

விஷயம் இதுதான்: அந்த வருஷம் வந்த படங்களில் சிறந்த படம் எது?

'இது ஒரு விஷயமா?' என்று இந்தக் காலத்துப் பிள்ளைகள் சிரிக்கலாம். எங்கள் வீட்டில் இதற்காகத் தீபாவளியன்று போட்ட இலையைத் தாண்டி ஒருவர் எழுந்து போனார். அக்காவின் கல்யாணமே நின்றுவிடுமோ என்று அம்மா நடுங்கினாள். அதனால்தான் சொல்கிறேன், அது எங்களுக்குப் பெரிய விஷயம்தான்.

அப்போது எங்கள் குடும்பம் சேலம் செவ்வாய்ப்பேட்டையில் இருந்தது. அப்பாவுக்கு மளிகை மண்டி. மண்டியில் கணக்கு எழுதுகிறவர் சித்தப்பா, சிவாஜி கட்சி. அம்மாவின் தம்பியான மாமா நாமக்கல்லில் லாரி டிரைவர், எம்.ஜி.ஆர். கட்சி. நாமக்கல் அந்த நாளில் சேலம் ஜில்லாவில்தான் இருந்தது. 1997-ல்தான் தனி மாவட்டமாயிற்று. வாரத்துக்கு ஒரு முறையாவது மாமா லோடு ஏற்றிக்கொண்டு சேலம் வருவார். வந்தால் அக்கா வீட்டில் ஒரு வேளைச் சாப்பாடு. அந்தச் சாப்பாட்டுக்குத் தொட்டுக்கொள்ள எப்போதும் சினிமாச் சண்டைதான்.

அப்பா எந்தக் கட்சியிலும் சேரமாட்டார். பாகவதரோடு சினிமா முடிந்துவிட்டது என்பது அவர் அபிப்பிராயம்.

சேலத்துக்காரர்களுக்குச் சினிமா என்றால் கொஞ்சம் தலைக்கனம் உண்டு என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். காரணம், ஏற்காடு சாலையில் இருந்த மாடர்ன் தியேட்டர்ஸ். திருச்செங்கோட்டில் பிறந்த டி. ஆர். சுந்தரம் 1935-ல் தொடங்கிய ஸ்டூடியோ அது. எம்.ஜி.ஆர். நடித்த 'மந்திரி குமாரி' (1950) அங்கே எடுத்தது. சிவாஜி நடித்த 'திரும்பிப் பார்' (1953) அங்கே எடுத்தது. முழு நீள வண்ணத் தமிழ்ப் படம் என்று முதலில் வந்த 'அலிபாபாவும் 40 திருடர்களும்' (1956) அங்கே எடுத்தது. "ரெண்டு பேருமே நம்ம ஊர்த் தண்ணி குடிச்சவங்கதான்" என்று திண்ணையில் உட்கார்ந்து கிழவர்கள் பெருமை பேசுவார்கள். 1963-ல் சுந்தரம் காலமானார். இன்று அந்த இடத்தில் பழைய முகப்பு வளைவு மட்டும் நிற்கிறது.

யுத்தத்துக்கு வருகிறேன். 1964 பொங்கலன்று, ஒரே நாளில், 'கர்ணன்' வந்தது, 'வேட்டைக்காரன்' வந்தது. சித்தப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. "பந்துலு குருக்ஷேத்திரத்துக்கே போய் யுத்தத்தைப் படம் பிடிச்சிருக்கார்! கிருஷ்ணனா என். டி. ராமராவ்! இதுக்கு மேல ஒரு படம் எவன் எடுப்பான்?" என்றார். மாமா மெல்ல வெற்றிலையை மடித்துக்கொண்டே, "கொட்டின பணம் திரும்பி வந்துச்சான்னு கேட்டுச் சொல்லுங்க மாப்பிள்ளே. தேவர் எடுத்த படத்துக்குப் போனா உட்கார இடமில்லே" என்றார்.

அதற்குப் பிறகு அந்த வருஷம் ஓயவேயில்லை. பிப்ரவரியில் ஸ்ரீதரின் 'காதலிக்க நேரமில்லை' வந்தது. அடுத்த வீட்டுக் காலேஜ் பெண், நாகேஷ் பாலையாவுக்குக் கதை சொல்லும் காட்சியை நடித்துக் காட்டிக் காட்டியே தொண்டையைக் கட்டிக்கொண்டாள். ஜூலையில் 'கை கொடுத்த தெய்வம்'. அதே சமயத்தில் 'தெய்வத்தாய்'. செப்டம்பரில் 'புதிய பறவை'. வருஷக் கடைசியில் 'சர்வர் சுந்தரம்'. ஒவ்வொரு படத்துக்கும் எங்கள் கூடத்தில் ஒரு விசாரணை, ஒரு தீர்ப்பு, ஓர் அப்பீல்.

இத்தனை விவாதத்திலும் ஒருவரும் அம்மாவை எதுவும் கேட்டதில்லை. அம்மா இந்தப் படங்களையெல்லாம் பார்த்தாள். ஆனால் பாதி பாதியாகப் பார்த்தாள். கைக்குழந்தையோடு படம் பார்க்கிறவர்களுக்கு இது தெரியும். 'புதிய பறவை'யில் இடைவேளையோடு எழுந்து வரும்படி ஆயிற்று. கடைசியில் என்ன ஆகிறது என்று சித்தப்பாவிடம் கேட்டாள். "சொன்னா சுவாரஸ்யம் போயிடும் அண்ணி! நீங்களே போய்ப் பாருங்க" என்று விட்டார் அவர். எங்கே போய்ப் பார்ப்பது? அந்தப் படத்தின் மர்மம் வெகு நாள் வரைக்கும் அம்மாவுக்கு மர்மமாகவே இருந்தது.

நவம்பர் 3-ம் தேதி தீபாவளி. 'நவராத்திரி'யும் 'படகோட்டி'யும் அன்றைக்கே வெளியாயின. 'நவராத்திரி' சிவாஜிக்கு நூறாவது படம், ஒன்பது வேஷம். போதாக்குறைக்கு அதை எடுத்த ஏ. பி. நாகராஜன் சங்ககிரிப் பக்கம் அக்கம்மாபேட்டைக்காரர். சித்தப்பாவுக்குக் கேட்க வேண்டுமா?

இரண்டு படத்தையும் யாரும் இன்னும் பார்க்கக்கூட இல்லை. மாமா தீபாவளிச் சீரோடு வந்திருந்தார். அம்மாவுக்கு அரக்கில் ஒரு புடவை. இலை போட்டாயிற்று. அப்போது மாமா, "ஒன்பது வேஷம் போட்டா ஆச்சா? ஒரு வேஷம் நெஞ்சிலே நிக்கோணும்" என்றார். சித்தப்பா சும்மா இருந்திருக்கலாம். "மீன் பிடிக்கிறவன் சட்டை அவ்வளவு சலவையா இருக்குமாங்க மச்சான்? போஸ்டர்லே பார்த்தேன்" என்றார். பேச்சு நடிகர்களை விட்டு வேலைக்கு வந்தது. வேலையிலிருந்து குடும்பத்துக்கு வந்தது. "லாரி ஓட்டறவங்களுக்கு நடிப்பு எங்கே புரியும்" என்று சித்தப்பா வாய் தவறிச் சொல்லிவிட்டார். மாமா எழுந்தார். சோறு பரிமாறிய இலையைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

கூடப் பிறந்தவன் தீபாவளியன்று உண்ணாமல் படியிறங்கினால் ஒரு பெண்ணுக்கு எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அம்மா அந்தப் புடவையைக் கட்டவில்லை. பெட்டியில் வைத்துப் பூட்டினாள்.

கார்த்திகையில் அக்காவுக்கு வரன் முடிவாயிற்று. தை மாதத்தில் முகூர்த்தம். எங்கள் பக்கத்தில் தாய்மாமன் வராமல் கல்யாணம் என்ற பேச்சே கிடையாது. அப்பா ஆள் அனுப்பினார். "வரேன்" என்றும் சொல்லவில்லை, "வரலை" என்றும் சொல்லவில்லை மாமா. வாரந்தோறும் லாரி சேலம் வந்தது. ஆனால் எங்கள் தெருவுக்கு வரவில்லை.

ஒரு ராத்திரி சித்தப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மோர் ஊற்றிக்கொண்டே அம்மா கேட்டாள்:

"தம்பி, உங்ககிட்டே ஒண்ணு கேக்கோணும். பொங்கலுக்கு வந்துதே 'வேட்டைக்காரன்', அதிலே கூட நடிச்ச பொண்ணு யாருங்க?"

"சாவித்திரி, அண்ணி."

"கர்ணனிலே துரியோதனன் சம்சாரமா வர்றது?"

சித்தப்பா கொஞ்சம் யோசித்தார். "அதுவும் சாவித்திரிதான்."

"'கை கொடுத்த தெய்வ'த்திலே சூதுவாது தெரியாத அந்தப் பொண்ணு?"

"சாவித்திரி."

"'நவராத்திரி'யிலே ஒன்பது வேஷத்துக்கும் ஈடு கொடுத்தவ?"

சித்தப்பா பதில் சொல்லவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

"ஒரே நாளிலே ரெண்டு கட்சிக் கொட்டகையிலும் அந்தப் பொண்ணுதான் நின்னிருக்கா. இங்கேயும் அவ அழுதா, அங்கேயும் அவ அழுதா. நீங்க ரெண்டு பேரும் அவளைப் பார்த்துட்டு வந்துதான் மண்டையை உடைச்சுக்கறீங்க. இந்த வருஷம் யாரு வருஷம்னு எங்களை ஒரு வார்த்தை கேட்டிருந்தா நாங்க சொல்லியிருப்போமுங்க." அம்மாவின் குரல் அங்கே கொஞ்சம் உடைந்தது. "அவளாவது நடிக்கிறவ. நான் நெசமாவே ரெண்டு பக்கமும் நிக்கறேன் தம்பி. அவன் என் கூடப் பிறந்தவன். நீங்க நான் சோறு போட்டு வளர்த்தவர். நான் எந்தக் கட்சியிலே சேரட்டும்?"

மறுநாள் முதல் பஸ்ஸுக்கே சித்தப்பா ராசிபுரம் வழியாக நாமக்கல் போனார். கையில் வெற்றிலை பாக்கு, பழம். அங்கே என்ன பேசினார்கள் என்பது இன்று வரை எங்களுக்குத் தெரியாது. சாயங்காலம் இரண்டு பேரும் லாரியின் முன்பக்கத்தில் சேர்ந்து உட்கார்ந்து எங்கள் தெருவுக்குள் வந்து இறங்கினார்கள். அம்மா பெட்டியைத் திறந்து அரக்குப் புடவையைக் கட்டிக்கொண்டு வந்து இலை போட்டாள்.

கல்யாணம் நன்றாக நடந்தது. பந்தலிலேயே இருவரும் அடுத்த சண்டையைத் தொடங்கிவிட்டார்கள் என்பது வேறு விஷயம். 1965 பொங்கலுக்கு 'எங்க வீட்டுப் பிள்ளை'யும் 'பழநி'யும் வந்துவிட்டனவே! அதே வருஷம் 'கர்ணன்' எடுத்த பந்துலுவே எம்.ஜி.ஆரை வைத்து 'ஆயிரத்தில் ஒருவன்' எடுத்தபோது சித்தப்பா இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. மாமா ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு துக்கம் விசாரிக்க வந்தார். தமிழில் அந்த வருஷத்துச் சிறந்த படம் என்று 'கை கொடுத்த தெய்வ'த்துக்குத் தேசிய விருது கிடைத்தபோது மட்டும், சித்தப்பா நேரே சமையலறை வாசலுக்கு வந்து, "அண்ணி, உங்க கட்சி ஜெயிச்சிடுச்சு" என்றார்.

இதோடு நிறுத்திவிட்டால் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் நான் சொல்ல வந்தது இது மட்டும் இல்லை.

'கர்ணன்' எங்கள் ஊரில் ஓடியபோது நாங்களும் போனோம். அம்மா, அக்கா, நான், அம்மா மடியில் எட்டு மாதத் தம்பி. எனக்குப் பதின்மூன்று வயது. நாமக்கல் பக்கத்துக் கிராமத்தில் பிறந்த அம்மா, சிறு பெண்ணாக இருந்த நாளில் விடிய விடியக் 'கர்ண மோட்சம்' கூத்துப் பார்த்து வளர்ந்தவள். "கர்ணன் சாகிற வரைக்கும் கண்ணைச் சிமிட்ட மாட்டேன்" என்பாள். கூத்தில் கர்ணன் பெண்டாட்டி பொன்னுருவி; படத்தில் வேறு பேர் வைத்திருக்கிறார்களே என்று ஒரு குறை. மற்றபடி வாய் திறக்காமல் பார்த்தாள்.

தேர்ச்சக்கரம் மண்ணில் புதையும் சமயம். தம்பி வீரிட்டு அழுதான். "புள்ளையை வெளியே தூக்கிட்டுப் போம்மா!" என்று பின்பெஞ்சியில் யாரோ அதட்டினார்கள். அம்மா என் பக்கம் குனிந்து, "கண்ணு, கொஞ்ச நேரம் இவனைத் தூக்கிட்டுப் போயேன்" என்றாள்.

எனக்குக் காது கேட்டது. கேட்காதது போலத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அம்மா இரண்டாம் முறை கேட்கவில்லை. எழுந்து போய்விட்டாள். படம் முடிந்து நாங்கள் வந்தபோது சோடாக் கடை ஓரம் நின்றிருந்தாள். தம்பி தோளில் தூங்கிவிட்டிருந்தான். "முடிஞ்சிருச்சா?" என்றாள். நடந்து வருகையில், "கர்ணன் எப்படிச் செத்தான், கண்ணு? சொல்லேன்" என்று கேட்டாள். எனக்குத் தூக்கம். "தெரிஞ்ச கதைதானேம்மா" என்றேன். அவ்வளவுதான். அதற்கு மேல் அவள் கேட்கவில்லை.

நான் ஒரு தாயான பிறகுதான் அந்த வார்த்தை எனக்குக் குத்தத் தொடங்கியது.

2012 மார்ச்சில் 'கர்ணன்' படத்தைப் புதுப்பித்து மறுபடி வெளியிட்டார்கள். சென்னையில் நூறு நாளைத் தாண்டி ஓடிய செய்தி பத்திரிகைகளில் வந்தது. சித்தப்பாவும் மாமாவும் அதைக் காண இல்லை. சாவித்திரி 1981-லேயே போய்விட்டாள். அம்மாவுக்கு எண்பத்திரண்டு வயது. தம்பிதான் டிக்கெட் வாங்கினான். அன்று அழுத அதே தம்பி. கூடவே அவன் மகளும், அவள் கைக்குழந்தையும்.

பெரிய நாற்காலியில் அம்மா சின்னப் பெண் போல உட்கார்ந்திருந்தாள். சாவித்திரி தாயமாட வந்தபோது என் கையைத் தொட்டு, "நம்ம கட்சி" என்றாள். யுத்தம் வந்தது. பதினேழாம் நாள் வந்தது. சக்கரம் புதைந்தது. நீங்கள் நம்பமாட்டீர்கள், சரியாக அந்த நேரத்தில் குழந்தை அழுதது.

முதலில் நீண்டவை அம்மாவின் கைகள்தான். எண்பத்திரண்டு வயதிலும், பழக்கம்! நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழப்போனாள். நான் குழந்தையை வாரி எடுத்துக்கொண்டு வெளியே ஓடிவிட்டேன்.

கதவுக்கு வெளியே நின்று குழந்தையைத் தட்டிக்கொடுத்தேன். உள்ளேயிருந்து சீர்காழி கோவிந்தராஜனின் குரல் கேட்டது. குழந்தை தூங்கிப்போயிற்று. உள்ளே போயிருக்கலாம். போகத் தோன்றவில்லை.

தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு அம்மா வந்தாள். கண்கள் சிவந்திருந்தன.

"கடைசியிலேதான் குந்தி அவனை மடியிலே போட்டுக்கறா" என்றாள். "பிறந்தன்னைக்கு வேணாம்னு விட்டவ." பிறகு குழந்தையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "ஐயோ, நீ பார்க்கலையே கண்ணு!"

"தெரிஞ்ச கதைதானேம்மா" என்றேன்.

அம்மா என் முகத்தையே ஒரு கணம் பார்த்தாள். பிறகு சிரித்தாள்.

"அன்னைக்கும் இதையேதான் சொன்னே" என்றாள்.