வண்டி ரொம்ப அடிக்கு

இது தொண்டைமான் புதுக்கோட்டை அல்ல. தூத்துக்குடியிலிருந்து பாளையங்கோட்டை போகிற நாற்கரச் சாலையில், வாகைக்குளத்தை ஒட்டி வருகிற புதுக்கோட்டை. இந்தச் சாலையில் ஓடுகிற செடான்களில் பாதிக்கு மேல் கிழடு தட்டியவை. வாடகைக்கு ஓடி முடித்து வீட்டு வண்டியானவை, சென்னையில் விற்று இங்கே வந்து சேர்ந்தவை, மகன் வெளிநாடு போனதால் அப்பாவிடம் தங்கிவிட்டவை. ஏறி உட்கார்ந்தால் சொந்தக்காரர் முதலில் சொல்வது ஒன்றுதான்: "வண்டி ரொம்ப அடிக்கு." ஏன் அடிக்கிறது என்று கேட்டும் பார்த்தும் அவ்வப்போது எழுதி வைத்தவை இவை.

*

சாலையா, வண்டியா? அதை முதலில் தீர்த்துக்கொள்வது நல்லது. வல்லநாட்டில் தாமிரபரணிப் பாலத்தின் தளம் பெயர்ந்து ஓட்டை விழுந்ததும், ஒட்டுப் போட்டதும், மறுபடி பெயர்ந்ததும் இந்தப் பக்கத்தார் அறிந்த கதை. மதுரை–தூத்துக்குடிச் சாலையைச் சீராக்கும்வரை சுங்கம் வாங்கக் கூடாது என்று 2025 ஜூனில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை சொன்னது. அதை உச்ச நீதிமன்றம் நிறுத்தி வைத்தது. ஆகவே பட்டறைக்குப் போகுமுன், அதே சாலையில், அதே வேகத்தில், அதே ரக வண்டி இன்னொன்றில் போய்ப் பார்க்கலாம். அதுவும் அடித்தால் பணம் மிச்சம்.

*

"சாக் போயிருக்கும் அண்ணாச்சி." பட்டறைக்காரர் மட்டுமல்ல, எதிரே டீ ஆற்றுகிறவரும் இதைத்தான் சொல்வார்.

வண்டியின் பாரத்தைச் சுமப்பது ஸ்பிரிங். பள்ளத்தின் அதிர்ச்சியை முதலில் வாங்கிக்கொள்வதும் அதுதான். வாங்கிய பிறகு அது சும்மா இருக்காது, மேலும் கீழும் ஆடிக்கொண்டே இருக்கும். அந்த ஆட்டத்தை அடக்குகிற வேலை மட்டும்தான் ஷாக் அப்சார்பருக்கு. உள்ளே எண்ணெய் சிறு துளைகள் வழியே நெருக்கியடித்துப் போகிறது, ஆட்டம் சூடாக மாறிக் கரைகிறது. அது செத்துப்போனால் வண்டி அடிக்காது, ஆடும். வேகத்தடை தாண்டிய பிறகும் மூன்று நான்கு முறை எழும்பி எழும்பித்தான் அடங்கும். பின்சீட்டில் இருக்கிற பாட்டிக்கு வயிற்றைப் புரட்டும். முதுகெலும்பில் 'டங்'கென்று ஏறுகிற அடி பெரும்பாலும் வேறு இடத்திலிருந்து வருகிறது. சாக் நாலையும் மாற்றி, பதினைந்தாயிரத்துக்கு மேல் செலவழித்து, அடி அப்படியே இருக்கிறது என்று அலுத்துக்கொள்கிறவர்கள் எல்லாம் ஆட்டத்துக்கான மருந்தை அடிக்குக் கொடுத்தவர்கள்.

பானெட் மூலையை அமுக்கிவிட்டுப் பார்க்கும் சோதனை, சாக் முழுக்கச் செத்திருந்தால்தான் காட்டிக்கொடுக்கும். அரை உயிரில் இருப்பது தப்பிவிடும். அதைவிட, சாக்கின் உடம்பில் எண்ணெய் கசிந்து தூசி ஒட்டியிருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்ப்பது மேல்.

*

கணக்கு கொஞ்சம். காரின் உடம்பு ஸ்பிரிங் மேல் விநாடிக்கு ஒன்று, ஒன்றரை முறை ஆடும். சக்கரமும் அச்சும் தனியாகத் துடிப்பது விநாடிக்குப் பத்திலிருந்து பதினைந்து முறை. மேல்கீழ் அதிர்வில் மனித உடம்புக்கு அதிகம் வலிப்பது விநாடிக்கு 4 முதல் 8 வரை. மெதுவான ஆட்டம் என்றால் சாக்கைப் பார்க்கலாம். கடகடவென்ற துடிப்பு என்றால் டயர், ரிம், புஷ்.

மாரிஸ் ஆலி என்றொரு பொறியாளர். ரோல்ஸ் ராய்ஸில் இருந்துவிட்டு 1930 வாக்கில் அமெரிக்காவின் காடிலாக்குக்குப் போனவர். முன் ஸ்பிரிங்கைவிடப் பின் ஸ்பிரிங் கொஞ்சம் வேகமாக ஆட வேண்டும் என்று கண்டு சொன்னவர் அவர்தான். மேட்டில் முதலில் ஏறுவது முன்சக்கரம், பின்சக்கரம் தாமதமாகத்தான் ஏறும். பின்பக்கம் வேகமாக ஆடினால் முன்பக்கத்தை எட்டிப் பிடித்துவிடும், இரண்டும் சேர்ந்து ஏறி இறங்கும். நம்மாட்கள் முன்பக்கத்துக்கு மட்டும் கடினமான ஸ்பிரிங் வாங்கிப் போட்டால், அந்தக் கணக்கு கெட்டு வண்டி தலையாட்டத் தொடங்குகிறது.

*

தரையிலிருந்து மேலே போக வேண்டும். தரையைத் தொடுவது டயர்.

பெட்ரோல் பங்கில் காற்றுப் பிடிக்கிற பையன், "முப்பத்தஞ்சு போடவா சார்?" என்பான். தலையை ஆட்டிவிடுகிறோம். ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். பல செடான்களில் அதில் முப்பதை ஒட்டிய எண்தான் இருக்கிறது. அதுவும் வண்டி ஓடாமல் குளிர்ந்திருக்கும்போது பார்க்க வேண்டிய அளவு. டயருக்குள் சூடு 10 டிகிரி ஏறினால் ஏறக்குறைய ஒன்றரை பி.எஸ்.ஐ. கூடும். காலையில் கூட்டிப் பிடித்த காற்று, சித்திரை வெயிலில் மூன்றாம் மைல் தாண்டும்போது கல்லாக இருக்கும். நைட்ரஜன் அடித்தால் மெத்தென்று போகும் என்பதை நான் நம்பவில்லை. நாம் மூச்சு விடுகிற காற்றிலேயே அது 78 சதவீதம் இருக்கிறது.

டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் பொறித்திருப்பார்கள். 2318 என்றால் 2018-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். கட்டை இன்னும் தேயவில்லை என்று பெருமைப்படுகிறவரிடம் இந்த எண்ணைக் காட்ட வேண்டும். ஓடாமல் நிற்கிற வண்டியிலும் ரப்பர் இறுகும். நகத்தால் அழுத்தினால் பள்ளம் விழாத டயர் சாலையின் ஒவ்வொரு ஜல்லியையும் சீட்டுக்கு அனுப்பிவைக்கும்.

அலாய் ஆசையும் இதில் சேர்த்தி. 175/65 ஆர்14 டயரில் பக்கச் சுவர் 114 மில்லிமீட்டர் உயரம். 195/50 ஆர்15 போட்டால் 98-க்கும் குறைவு. பார்க்க அழகு, காற்று மெத்தையில் பதினாறு மில்லிமீட்டர் போயிற்று. பெல்ஃபாஸ்டில் டன்லப் 1888-இல் காற்றடைத்த டயர் செய்ததே, கல் பாவிய தெருவில் மகனின் மூன்று சக்கர வண்டி அடித்ததால்தான்.

*

"முன்னால அடிக்கா, பின்னால அடிக்கா?" "ரெண்டு சக்கரமும் சேந்து ஏறும்போதா, ஒண்ணு மட்டும் விழும்போதா?" இந்த இரண்டு கேள்வியையும் கேட்காமல் ஜாக்கியைத் தேடுகிற மெக்கானிக்கிடம் வண்டியை விடுவதில்லை.

இரண்டாவது கேள்விக்கு நல்ல காரணம் உண்டு. இடது, வலது சக்கரங்களைக் குறுக்கே கட்டியிருக்கிற கம்பி, இரண்டும் ஒன்றாக ஏறி இறங்கும்போது முறுக்கு வாங்காது, சும்மா கூடவே போகும். ஒரு சக்கரம் மட்டும் குழியில் விழும்போதுதான் முறுகும். ஆகவே அகலமான வேகத்தடையில் சத்தமில்லாமல் ஏறி, ஓரக் குழியில் மட்டும் 'டொக் டொக்' என்றால் லிங்க் ராடு, அல்லது அந்தக் கம்பியைப் பிடித்திருக்கிற ரப்பர். சில நூறு ரூபாய்ச் சாமான். நின்ற இடத்தில் ஸ்டீயரிங்கைத் திருப்பும்போதே 'கடக்' என்றால் ஸ்ட்ரட் மவுண்டையும் அதன் பேரிங்கையும் பார்க்க வேண்டும்.

*

புது புஷ் போட்ட வண்டி முன்னைவிட அதிகமாக அடிக்கிறது. இது அடிக்கடி கேட்கிற புகார், சாமான் சரியில்லை என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். ஒரு பட்டறையில் கேட்டேன்.

"தம்பி, லோயர் ஆர்ம் போல்ட்ட எப்ப முறுக்குன?"

"லிஃப்ட்ல நிக்கும்போதே டைட் வச்சாச்சு அண்ணாச்சி. கீழ எறக்குனா கை போவாதுல்லா."

அங்கேதான் இருக்கிறது விஷயம். சக்கரத்தைக் கீழிருந்து வண்டியோடு இணைக்கிற கைதான் லோயர் ஆர்ம். அதன் புஷ் என்பது இரண்டு இரும்புக் குழாய், நடுவில் ஒட்டிய ரப்பர். உள்குழாயை போல்ட் இறுக்கிப் பிடித்துவிடும், அது அசையாது. வெளிக்குழாய் ஆர்மோடு சேர்ந்து ஏறி இறங்கும். சுழல்வது எதுவும் இல்லை, ரப்பர்தான் முறுகிக் கொடுக்கிறது. வண்டி லிஃப்டில் தொங்கும்போது சக்கரம் தொங்கும், ஆர்மும் கீழே சாய்ந்திருக்கும். அந்த நிலையில் போல்ட்டை முறுக்கினால் ரப்பருக்கு அதுதான் ஓய்வு நிலை. வண்டியைத் தரையில் இறக்கியதும் ஆர்ம் மேலே போகிறது, ரப்பர் பிழிந்த ஈரத்துணியாக முறுகியே நிற்கிறது. சமதரையில் சும்மா நிற்கும்போதே முறுக்கு. மேட்டில் ஏறும்போது விட்டுக்கொடுக்க அதனிடம் பாக்கி ஒன்றுமில்லை. அடிக்கும், சீக்கிரமே கிழியும், மறுபடி புது புஷ்.

மருந்துக்குச் செலவில்லை. போல்ட்டைத் தளர்த்தி, வண்டியைச் சொந்தப் பாரத்தில் நிற்கவைத்து, முன்னும் பின்னும் உருட்டிவிட்டு முறுக்க வேண்டும். கை போகவில்லை என்றால் ஆர்முக்கு அடியில் ஜாக்கி கொடுத்துப் பாரத்தை ஏற்றிக்கொண்டு முறுக்கலாம். பின் அச்சு புஷ்ஷுக்கும் இதே முறை. முடித்ததும் அலைன்மென்ட்.

*

பின்சீட்டில் மூன்று பேர், டிக்கியில் சாமான், திருச்செந்தூருக்குப் பயணம். ஒவ்வொரு மேட்டிலும் பின்னால் 'டங்'. ஸ்பிரிங் தளர்ந்து தாழ்ந்துவிட்டால் வண்டி பயணம் முழுக்க பம்ப் ஸ்டாப் என்கிற தடுப்பு ரப்பரின் மேல் உட்கார்ந்தே போகிறது. சக்கரத்தின் நடுவிலிருந்து மட்கார்டு விளிம்புவரை நாலு பக்கமும் டேப் வைத்து அளந்தால் தெரிந்துவிடும். பம்ப் ஸ்டாப்பே உதிர்ந்து மாவாகிப் போன வண்டிகளும் உண்டு. அப்புறம் இரும்பில் இரும்பு.

இதற்கு மாற்றாக ஸ்பிரிங் சுற்றுகளுக்கு நடுவே ரப்பர் பஃபரைச் செருகுவது இப்போது வழக்கம். வயிறு தட்டாது, உண்மைதான். செருகிய இடத்தில் ஸ்பிரிங் வேலை செய்யாது என்பதும் உண்மை. தட்டுவதைக் கொடுத்து அடிப்பதை வாங்குகிற வியாபாரம். குற்றம் முழுக்க வண்டிக்காரர் மேல் இல்லை. ஐ.ஆர்.சி. 99 விதிப்படி வேகத்தடை 10 சென்டிமீட்டர் உயரம், 3.7 மீட்டர் அகலம், பதமான வளைவு. நம் தெருக்களில் ஒரு முழ அகலத்தில் சுவர் எழுப்பிவிட்டு அதற்கும் வேகத்தடை என்றே பெயர் வைத்திருக்கிறோம்.

*

அம்பாசடர் இருந்த காலத்தில் பின்னால் பட்டைதான். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய பட்டைகள் வழுக்கிக்கொண்டு வளைய வேண்டும். இடுக்கில் துரு பிடித்தால் ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும், அடுக்கு முழுதும் ஒரே தடித்த இரும்பாகிவிடும். அதனால்தான் சர்வீஸுக்கு விட்டால் பட்டைக்கு ஆயில் அடித்து, கிரீஸ் நிப்பிள்களில் கிரீஸ் ஏற்றி அனுப்புவார்கள். அந்தச் சர்வீஸ் ஒழுங்காக நடந்தவரை அம்பாசடரின் பின்சீட்டுக்கு ஈடு கிடையாது என்பேன். 2014 மே மாதம் உத்தரபாரா ஆலையில் அதன் உற்பத்தி நின்றது. கழித்துப்போட்ட பட்டை மட்டும் தென்மாவட்டங்களில் வீணாவதில்லை, கொல்லன் பட்டறையில் அரிவாளாகிவிடும்.

*

பழைய சாக், பழைய ரப்பர் இரண்டையும் சென்னைப் புதுப்பேட்டையின் பழைய சாமான் கடைகளில் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வாங்கக் கூடாது. கதவு, கண்ணாடி வாங்கலாம்.

*

2023 டிசம்பர் 17, 18 மழையில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. கோரம்பள்ளம் குளம் உடைந்து தூத்துக்குடி தத்தளித்தது. அன்று முங்கிய கார்கள் பல கைமாறி ஓடிக்கொண்டிருக்கின்றன. சீட்டைக் கழுவிவிடலாம். ஸ்பிரிங்கின் அடிக் கிண்ணத்தில் தங்கிய வண்டலை யாரும் தோண்டி எடுப்பதில்லை. ஈரம் அங்கேயே நின்று கடைசிச் சுற்றை அரிக்கும். துண்டு ஒடிந்த பிறகும் வண்டி ஓடும், கொஞ்சம் தாழ்ந்து, கொஞ்சம் அடித்துக்கொண்டு. பழைய செடான் வாங்கப் போகிறவர் பாட்டுப் பெட்டியைப் போட்டுப் பார்ப்பதற்கு முன் அந்தக் கிண்ணத்தில் விரல் விட்டுப் பார்க்கட்டும்.

வெள்ளம் வராவிட்டாலும் உப்பு இருக்கிறது. உப்பு உற்பத்தியில் குஜராத்துக்கு அடுத்து தமிழ்நாடு, அதில் பெரும்பங்கு எங்கள் மாவட்டம். அளத்திலிருந்து போகிற லாரிகளுக்குப் பின்னால் ஓட்டுகிறோம், உப்புக் காற்றிலேயே நிறுத்துகிறோம். சாக்கின் பளபளத்த தண்டில் புள்ளி புள்ளியாகத் துரு அரித்தால், ஒவ்வொரு ஏற்ற இறக்கத்திலும் அது சீலை அரம்போட்டுக் கிழிக்கும். எண்ணெய் கசியத் தொடங்குவது அப்படித்தான். அடிப்பக்கத்தைக் கழுவுவதுதான் வழி, ஆனால் கடற்கரையை ஒட்டிய பகுதிகளில் போர்த் தண்ணீரே உப்புக் கரிக்கிறது. வாட்டர் சர்வீஸுக்கு விடும்போது, விலை கேட்பதற்கு முன்னால் ஒரு கை தண்ணீரை வாயில் விட்டுப் பார்த்துவிடுவது நல்லது.