கடலு சும்மா கெடக்குற எடம்



இன்னும் நாலு நாள்ல காணும் பொங்கல். எங்க ஊரு திருக்கடையூருக்கும் தரங்கம்பாடிக்கும் நடுவுல, கிழக்குக் கடற்கரைச் சாலையிலேர்ந்து கொஞ்சம் உள்ள தள்ளி இருக்கு. காணும் பொங்கலன்னைக்கு அந்த ரோட்டைக் கடக்கவே கால் மணி நேரம் நிக்கணும். அத்தனை வண்டி போகும்.

பொங்கல்னு இல்லாம, வருசம் பூராவும் வெளியூர் ஆளுங்க வர்ற பாதைதான் இது. திருக்கடையூர் கோயில்ல தினமும் அறுபதாம் கல்யாணம், எண்பதாம் கல்யாணம் நடக்குது. சென்னையிலேர்ந்து குடும்பமே வேன் பிடிச்சு வருது. விடியக்காலையில மாலை மாத்தி, கலசத் தண்ணி ஊத்தி, சாப்பாடும் முடிஞ்சா மணி பதினொண்ணுதான் ஆகும். ஊருக்குத் திரும்ப ராத்திரி ஆகலாம். நடுவுல இருக்குற நேரத்துல திருவெண்காடு புதன், கீழப்பெரும்பள்ளம் கேது, பூம்புகார், தரங்கம்பாடி, காரைக்கால், முடிஞ்சா வேளாங்கண்ணின்னு பட்டியல் போட்டுடுறாங்க. ஒரே நாள்ல ஏழு ஊரு. டிரைவரு தம்பி முகத்தைப் பார்த்தாலே பாவமா இருக்கும்.

நீங்க வர்றது எங்களுக்குச் சந்தோசம்தான். இளநி விக்கிறவங்க, டீக்கடைக்காரங்க, பூக்கட்டுறவங்க எல்லாரும் உங்களை நம்பித்தான் இருக்காங்க. ஆனா இந்த அவசரத்தால வர்ற சங்கடம் மூணு இருக்கு. வயல்காரன் கண்ணுல பட்டதைச் சொல்றேன்.

முதல் சங்கடம் பாட்டில். காரைக்கால் புதுச்சேரி யூனியன் பிரதேசத்தைச் சேர்ந்தது, அங்க சரக்கு விலை கம்மி. வர்ற வழியில வாங்கிட்டு, எங்க வாய்க்கால் மதகுல உக்காந்து குடிச்சிட்டு, பாட்டிலை வயலுக்குள்ள வீசிட்டுப் போறாங்க. தண்ணி நின்ன வயல்ல கண்ணாடி தெரியாது. நடவு நடுறவங்க, களை எடுக்குறவங்க யாரும் செருப்புப் போட மாட்டாங்க. போன வருசம் உளுந்து பறிக்க வந்த ஒரு அம்மாவுக்கு உள்ளங்கால்ல ஏழு தையல். இருபது நாள் கூலி போச்சு. வீசுனவருக்கு அது தெரியப் போறதில்லை.

ரெண்டாவது நெல்லு. தை மாசம் சம்பா அறுப்பு. கொள்முதல் நிலையத்துல ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல இருந்தா எடுக்க யோசிப்பாங்க. களம் இல்லாதவன் ரோட்டுல பாதியை மறிச்சுத்தான் காயப் போடணும். உங்களுக்கு இடைஞ்சல்தான், மறுக்கலை. கொஞ்சம் மெதுவா ஒதுங்கிப் போங்க. அந்த நெல்லுல அஞ்சு மாசத்துப் பாடு இருக்கு.

மூணாவதுதான் பெருசு. கடலு.

எங்க ஊருக்கு மீன் கொண்டு வர்ற அக்கா ஒருத்தங்க இருக்காங்க. அறுப்பு சமயத்துல காசுக்குப் பதிலா நெல்லு வாங்கிக்குவாங்க. 2004 டிசம்பர் 26-ல வந்த சுனாமியில வீட்டையும் கட்டுமரத்தையும் இழந்தவங்க. போன காணும் பொங்கலுக்கு மறுநாள் மீன் எதுவும் இல்லாம வெறுங்கூடையோட வந்தாங்க. முந்தின நாள் சாயங்காலம் வெளியூர்ப் பையன் ஒருத்தன் முங்கிட்டான், படகெல்லாம் அவனைத் தேடத்தான் போயிருக்குன்னாங்க. பையனுக்கு இருபது வயசு இருக்குமாம்.

“நல்லா நீஞ்சுற பையனாம் தம்பி. அலையே இல்லாத எடமாப் பாத்துத்தான் எறங்கியிருக்கான். கடலு சும்மா கெடக்குற எடத்துலதான் எறங்கப்படாதுன்னு அந்தப் புள்ளைக்கு யாரு சொல்றது?”

எனக்கே அது புதுசா இருந்துச்சு. அக்காதான் விளக்குனாங்க. அலை கரைக்குக் கொண்டு வந்து கொட்டுற தண்ணி திரும்பிப் போகணும்ல? மண் திட்டு எங்க உடைஞ்சிருக்கோ அந்த வழியா ஒரு வாய்க்கால் மாதிரி உள்ள ஓடும். அங்க ஆழம் அதிகம், அதனால அலை உடையாது. பார்க்கச் சாதுவாத் தெரியும். இறங்குனா ஆளை இழுத்துட்டுப் போயிடும். கல்லு கொட்டி வச்சிருக்குற ஓரத்துலயும் இதே கதைதான். மாட்டிக்கிட்டா கரையைப் பார்த்து எதிர்த்து நீந்தக் கூடாதாம், தெம்பு போயிடும். கரைக்கு இணையா பக்கவாட்டுல நீந்தி, அந்த ஓட்டத்தை விட்டு விலகின பிறகுதான் கரைக்குத் திரும்பணும். வாய்க்கால்ல தண்ணி பாய்ச்சுறவன் நான், சொன்னதும் புரிஞ்சுது.

வடகிழக்குப் பருவமழைக் காலத்துலயும் அதை ஒட்டியும் எங்க பக்கம் கடல் முரடாத்தான் இருக்கும். இறங்குறதுக்கு முன்னாடி வலை பின்னிக்கிட்டு இருக்குற ஒரு பெரியவரை, “ஐயா, இங்க இறங்கலாமா?”ன்னு ஒரு வார்த்தை கேளுங்க. வேண்டாம்னா வேண்டாம்தான். ஏழு ஊரு பார்க்கிற அவசரத்துல, இருட்டுற நேரத்துல வந்து இறங்குறவங்களுக்கு இதைக் கேக்க ஏது நேரம்?

அதனால நான் சொல்றது, ரெண்டே ஊரு போதும். திருக்கடையூர் முடிச்சா தரங்கம்பாடி எட்டு கிலோமீட்டர் சுமாருக்குத்தான். 1620-ல டென்மார்க்காரங்க கட்டுன கோட்டையை நிதானமாச் சுத்திப் பாருங்க. 1845-ல அவங்க இந்த ஊரை இங்கிலீஷ்காரங்களுக்கு வித்துட்டுப் போயிட்டாங்க. 1706-ல வந்து இறங்கின சீகன்பால்கு, புதிய ஏற்பாட்டைத் தமிழ்ல அச்சடிச்சது இந்த ஊர்லதான். கரையோரமா மாசிலாமணி நாதர் கோயில் இருக்கு. 1306-ல மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்துல கட்டுனது, அதுல பெரும்பகுதியைக் கடலே தின்னுடுச்சு. கடலோட பலம் தெரியணும்னா அதைப் பார்த்தாலே போதும். பிள்ளைங்களைக் கணுக்கால் தண்ணியில நிக்க வச்சு, மணல்ல விளையாட விட்டு, வெளிச்சம் இருக்கும்போதே கிளம்புங்க. காலி பாட்டிலும் வண்டியிலேயே உங்க கூட வரட்டும்.

போற வழியில எங்க வயல்ல மிஷின் அறுத்துக்கிட்டு இருந்தா வண்டியை நிறுத்துங்க. பிள்ளைங்க வரப்புல இறங்கி நெல்லைக் கையில அள்ளிப் பார்க்கட்டும். குடிக்க மோர் தர்றோம்.

மழை தூறுற மாதிரி இருக்கு. நெல்லுக்குத் தார்ப்பாய் மூடப் போகணும். எல்லாருக்கும் பொங்கல் வாழ்த்துகள்.