செம்பருத்தி காட்டிக்கொடுத்தது

என் இளையவனுக்கு ஒன்றரை வயது. ஒரே மாதத்தில் மூன்றாவது தடவையாக அவனுக்கு வயிற்றுப்போக்கு வந்தபோது நான் சத்துமாவைக் குறை சொன்னேன். என் அத்தை என்னைக் குறை சொன்னார். "கையைக் கழுவாம ஊட்டினா இப்படித்தான் ஆவும்" என்று அடுப்படியில் அவர் முணுமுணுத்தது என் காதில் விழுந்துவிட்டது. இரண்டு நாள் ஒருவருக்கொருவர் முகம் கொடுத்துப் பேசவில்லை.

ஜெயங்கொண்டத்து டாக்டரம்மா ஓ.ஆர்.எஸ். பொட்டலமும், 14 நாளைக்குத் துத்தநாக மருந்தும் எழுதிக் கொடுத்தார். (1971-இல் வங்கதேச அகதிகள் முகாமில் காலராவில் தவித்தவர்களை டாக்டர் திலீப் மஹாலனாபிஸ் காப்பாற்றியது இந்த உப்பும் சர்க்கரையும் கலந்த நீரால்தான்.) எழுதிக்கொண்டே, "உங்க வீட்டுக் குழாயில முதல் தண்ணி எப்படிம்மா வருது?" என்று கேட்டார்.

சுருக்கென்றது எனக்கு. முதல் இரண்டு குடம் செம்பழுப்பாக, லேசான சாக்கடை வாடையோடு வரும். அதைக் கொட்டிவிட்டுத் தெளிந்த பிறகு பிடிப்போம். தெளிந்தால் நல்ல தண்ணீர் என்றுதானே நினைத்திருந்தோம்!

விஷயம் இதுதான். தண்ணீர் வரும் நேரத்தில் ஓட்டைக் குழாயிலிருந்து நீர் வெளியே கசியும். தண்ணீர் நின்றதும் குழாய்க்குள் அழுத்தம் போய்விடும். அப்போது வெளியே தேங்கிய அழுக்கு நீர் அதே ஓட்டை வழியே உள்ளே வந்துவிடும். கண்ணுக்குத் தெளிவாகத் தெரிந்தாலும் கிருமி இருக்கும்.

ஓட்டை எங்கே? வீடு வந்து பார்த்தேன். கொல்லைப்புறச் சாக்கடை ஓரத்தில் அத்தையின் செல்லச் செம்பருத்தி. உடையார்பாளையத்துச் சித்திரை வெயிலில் ஊரே காய்ந்து கிடக்க, அது மட்டும் தினம் பத்துப் பூ பூக்கும். "என் கைராசி" என்பார். அடியில் கடப்பாரையைப் போட்டேன். சொதசொதவென்று சேறு, அதற்குள் துருப்பிடித்துச் சல்லடையாகிப் போன இரும்புக் குழாய், மாமனார் காலத்தில் போட்டது.

பிளம்பர் "நாளைக்கு வரேன்" என்றே ஒரு வாரத்தை ஓட்டிவிட்டார். என் வீட்டுக்காரருக்குத் திருப்பூரில் வேலை. "நாமே தோண்டிடலாம் அத்தை" என்றேன். "பொம்பளைங்க கடப்பாரை பிடிச்சா தெருவே வேடிக்கை பாக்கும்" என்றவர், மறுநாள் விடிகாலை எனக்கு முன்னால் மண்வெட்டியோடு நின்றார்!

தெருவிலிருந்து வரும் இணைப்பு பேரூராட்சியின் பொறுப்பு. அதில் நாம் கை வைக்கக்கூடாது. வாசல் கேட்வால்வுக்கு உட்புறம்தான் எங்கள் வேலை. பழைய குழாயை அப்படியே துண்டித்துவிட்டு, சாக்கடைப் பக்கமே போகாமல் எதிர்ச் சுவர் ஓரமாக 30 அடிக்கு, ஒன்றரை அடி ஆழத்தில் பள்ளம் எடுத்தோம். மூன்று நாள் ஆயிற்று. செம்மண் காய்ந்தால் கல்தான். முதல்நாள் மாலையே தண்ணீர் ஊற்றி ஊற வைத்தால் மறுநாள் வெட்ட வரும்.

கடையில் நீலக்கோடு போட்ட கருப்பு எச்.டி.பி.இ. குழாய், 20 மி.மீ., வாங்கினேன். குடிநீருக்கானது ஐ.எஸ். 4984, அந்த முத்திரையைப் பார்த்து வாங்குங்கள். சுருளாக வருவதால் மண்ணுக்கடியில் ஓர் இணைப்புக்கூட வேண்டாம். இணைப்புதானே பிற்காலத்தில் ஒழுகும்? இரண்டு முனைகளில் மட்டும் மரை இணைப்பு, அதில் டெஃப்லான் டேப்பை இறுகச் சுற்ற வேண்டும். முதல் தடவை நான் மரைக்கு எதிர்ப்பக்கமாகச் சுற்றிவிட்டேன். திருகத் திருக டேப் பிரிந்து வந்தது. அத்தை சிரித்த சிரிப்பு இருக்கிறதே!

கூர்கல் இல்லாமல் பொறுக்கி, அடியில் மணல் பரப்பிக் குழாயைக் கிடத்தினோம். ஆனால் உடனே மூடவில்லை. மறுநாள் தண்ணீர் வந்ததும் முனைகளைத் தடவிப் பார்த்தேன், கை ஈரமாகவில்லை. அதன் பிறகே மண்ணைத் தள்ளினோம். முதல் இரண்டு தடவை வந்த தண்ணீரைச் செடிகளுக்கு விட்டோம். இப்போதும் பிள்ளைகளுக்குத் தளதளவென்று ஒரு நிமிடம் கொதித்த நீர்தான்.

சின்னவனுக்கு அதற்குப் பிறகு வயிற்றுப்போக்கு வரவில்லை. செம்பருத்திதான் வாடிவிட்டது. "பாத்திரம் கழுவின தண்ணியை வீணாக்காதடி" என்று வாளியில் பிடித்து, அத்தையே தினம் தூக்கிக்கொண்டு போய் ஊற்றுகிறார். நேற்று ஒரு மொட்டு விட்டிருந்தது.