ஸ்ரீநகரில் சர்தார்

ஐப்பசி மாதத்தில் காஷ்மீரத்துச் சினார் மரங்கள் தீப்பற்றியவை போல் சிவந்து நிற்கும். 1947-ஆம் ஆண்டு ஐப்பசியில் அந்த அழகை அனுபவிக்கும் நிலையில் ஸ்ரீநகரவாசிகள் இல்லை. எதிரிகள் பாராமுல்லாவைப் பிடித்துவிட்டார்கள். அங்கிருந்து தலைநகருக்குச் சுமார் 35 மைல். தேசப்படத்தில் ஒரு விரற்கடைகூட இராது.

அக்டோபர் 27-ந் தேதி டகோட்டா விமானங்களில் சென்றிறங்கிய சீக்கியப் பட்டாளத்தின் தலைவர் கர்னல் ரஞ்சித் ராய் அன்றே உயிர் துறந்தார். நவம்பர் 3-ந் தேதி விமான நிலையத்துக்கு அருகிலேயே, பட்காமில், மேஜர் சோம்நாத் சர்மா வீழ்ந்தார்.

அந்த வாரத்தில்தான் துணைப் பிரதமர் சர்தார் படேலும் ராணுவ மந்திரி பலதேவ் சிங்கும் அங்கே போய் இறங்கினார்கள். பெரிய மனிதர் பாசறைக்கு வந்தால் மாலை, அணிவகுப்பு, புகைப்படம் என்று பொழுது போய்விடுவது வழக்கம். (சிப்பாய்களுக்கு அன்று இரட்டை வேலை!) இங்கே அதற்கு நேரமேது?

பிரிகேடியர் சென் நிலைமையை விவரிக்கையில் சர்தார் கண்களை மூடிக்கொண்டாராம். வயதோ 72, விமானப் பிரயாணம் வேறு. உறங்கிவிட்டாரோ என்று சென்னுக்கு ஐயம். ஆகவே நேராகவே கேட்டுவிட்டார்: நகரம் என்ன ஆனாலும் எதிரியைத் துரத்துவதா, நகரத்தைக் காப்பதா? காக்கத்தான் வேண்டும் என்றார் சர்தார். அப்படியானால் மேலும் படை வேண்டும், விரைவில் வேண்டும் என்றார் சென். சர்தார் அதற்குமேல் பேச்சை வளர்க்கவில்லை, டில்லிக்குப் புறப்பட்டார். படைகள் வருகின்றன என்ற செய்தி அன்று மாலையே வந்துவிட்டது.

கவச மோட்டார்கள் பானிஹால் கணவாயைக் கடந்து வந்து சேர்ந்தன. நவம்பர் 7-ந் தேதி ஷாலடெங்கில் எதிரிகள் சிதறி ஓடினார்கள். மறுநாள் பாராமுல்லா மீண்டது. கொள்ளை போன கடைவீதியும் எரிந்த வீடுகளுமே அங்கே நம் படைகளை எதிர்கொண்டன.