பென்ஷனுக்கு என்ன மதிப்பு?



போன ஞாயிறு புத்தூர் வீட்டுக்கு என் பழைய மாணவர் ஒருவர் வந்தார். தனியார் கம்பெனி வேலை, ஐம்பதை நெருங்கும் வயது. "சார், ரிட்டயர் ஆகும்போது கையில் எவ்வளவு இருக்கணும்? உங்க பென்ஷன் எவ்வளவு சொத்துக்குச் சமம்?" என்று கேட்டார்.

கணக்கு வாத்தியார் சும்மா இருப்பேனா? தாளை எடுத்தேன். எளிமைக்காகக் கடைசி அடிப்படைச் சம்பளம் 60,000 என்று வைத்துக்கொண்டேன். முழுப் பணிக்காலம் இருந்தால் பழைய திட்டத்தில் அதில் பாதி, 30,000 பென்ஷன். வருடத்துக்கு 3,60,000. இதை 7 சதவீத வட்டியாகப் பெற பேங்கில் சுமார் 51 லட்சம் போட வேண்டும்.

"அரை கோடி சார்!" என்றார். எனக்கும் பெருமைதான்.

ஆனால் டெபாசிட் போட்டால் அசல் பிள்ளைகளுக்கு நிற்கும். பென்ஷனில் அது இல்லை. மறுபக்கம், விலைவாசி ஏறினாலும் டெபாசிட் வட்டி அப்படியே நிற்கும்; பென்ஷனுக்கு அகவிலைப்படி கூடும். இரண்டையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

காபி கொண்டுவந்த என் மனைவி கேட்டாள்: "ஏங்க, உங்களுக்கு அப்புறம் எனக்கு எவ்வளவு வரும்?"

பதில் சொல்ல முடியவில்லை. முப்பத்தைந்து வருடம் கணக்குச் சொல்லிக் கொடுத்தவன், ஓர் ஆளுக்கு மட்டும் கணக்குப் போட்டு வைத்திருந்தேன்.

குடும்ப ஓய்வூதியம் கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதம். அதே கணக்கில் 18,000, அதற்கு அகவிலைப்படி. ஆனால் வீட்டு வரியும் கரண்ட் பில்லும் ஆள் குறைந்ததால் குறையாது. என்னைவிட அவள் ஏழு வயது இளையவள் வேறு.

அன்று இரவே பென்ஷன் புத்தகத்தை எடுத்தேன். அதில் அவள் பெயர் ஒரு மாதிரி, ஆதாரில் வேறு மாதிரி. எழுதிக் கொடுத்தது நான்தான். இத்தனை வருடம் அதை ஒத்துப்பார்க்கவே இல்லை. திருத்த மனு கொடுத்துவிட்டேன். அவள் பெயரில் தபால் ஆபீஸில் ஆர்.டி.யும் தொடங்கியாயிற்று.

2003 ஏப்ரல் 1-க்குப் பிறகு அரசுப் பணியில் சேர்ந்த பிள்ளைகளே, சம்பளத்தில் 10 சதவீதம் பிடித்த பங்களிப்புத் திட்டத்தில் சேர்ந்தவர்கள் நீங்கள். என் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். உங்களுக்குப் பொருந்தும் விதியைப் பாருங்கள்.

யாராயிருந்தாலும் மாதம் எவ்வளவு வரும் என்பதோடு நிறுத்தாதீர்கள். விலைவாசியோடு ஏறுமா, நமக்குப் பின் துணைக்கு எவ்வளவு என்றும் கேளுங்கள். வீட்டுக்காரரையோ வீட்டுக்காரம்மாவையோ பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு கணக்குப் போடுங்கள்.

அன்புடன்,
உங்கள் கணக்கு வாத்தியார்,
புத்தூர், திருச்சி.